பெயர் தெரியாத தலைச்சுற்றலோடு நாட்களைக் கடத்துவது எப்படி

கரும்பலகையில் தேதியை எழுதிவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பினேன். நாற்பது பிள்ளைகளும் பெஞ்சுகளோடு சேர்ந்து இடப்பக்கமாக நழுவிக்கொண்டிருந்தார்கள். மேசையைப் பிடித்தேன், மேசையும் நழுவியது. அன்று தொடங்கியதற்கு ஒரு பெயர் கிடைக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. இடையில் ஐந்து மருத்துவர்கள், இரண்டு ஸ்கேன்கள், நான்கு மாதம் கழுத்தில் ஒரு பட்டை, கணக்கு வைத்துக்கொள்ளாத மாத்திரைகள்.

இந்த நோய்க்கு இந்த மருந்து என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் பள்ளி ஆசிரியை. ஆனால் பெயர் தெரியாத அந்த இடைக்காலத்தை எப்படிக் கடப்பது, மருத்துவரிடம் எதைக் கொண்டுபோனால் அந்தக் காலம் சுருங்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். புதிதாக இதில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், காத்திருக்கக் கூடாத தலைச்சுற்றல்

மற்ற எதையும் படிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தலைச்சுற்றலோடு கீழே உள்ளவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அது நோட்டில் எழுதிவைக்க வேண்டிய விஷயம் அல்ல, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்: பேச்சுக் குழறுதல், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிதல், முகம் ஒருபக்கம் கோணுதல், கை காலில் பலமின்மை அல்லது மரத்துப்போதல், விழுங்க முடியாமை, இதுவரை வந்தே இராத கடும் தலைவலி, நெஞ்சுவலி, நினைவு தப்பி விழுதல், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாமை.

மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரத்தம் தடைபட்டால் அது வெறும் தலைச்சுற்றலாகத் தொடங்கக்கூடும். வயதானவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு முதன்முறையாகத் திடீரென்று வந்து விடாமல் நீடிக்கும் சுற்றலை 'பித்தம் ஏறிவிட்டது, படுத்து எழுந்தால் சரியாகும்' என்று விடாதீர்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரமே அவகாசம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சாதாரண சி.டி. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அறிகுறிகள் தொடரும்வரை மறுபடி கேளுங்கள். மூளையின் பின்பகுதியில் தொடக்க நிலையில் உள்ள பாதிப்பை அந்த ஸ்கேன் தவறவிடுவது உண்டு.

இன்னொன்று உயிரைப் பறிக்காது, ஆனால் நேரத்தோடு போட்டியிடுவது: ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது. 'அழுக்கு அடைத்திருக்கும்' என்று காய்ச்சிய எண்ணெயை விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். அதற்குரிய ஸ்டீராய்டு மருந்து தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

'மயக்கம்' என்ற சொல்லைக் கீழே வையுங்கள்

நம் மொழியில் 'மயக்கமாக இருக்கிறது' என்பது எல்லாவற்றையும் சுமக்கும் சொல். பசித்தாலும் மயக்கம், எழுந்தவுடன் கண்ணைக் கட்டினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம், வீடு சுழன்றாலும் மயக்கம். முதல் மருத்துவரிடம் நானும் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். அவர் இரத்தத்தில் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்தார்; இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவர் சரியான பதிலையே தந்தார்.

இத்தனைக்கும் நுட்பமான சொற்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. சிறுவயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றவுடன் உலகம் சுற்றுமே, அதுபோல் இருக்கிறதா? அது சுழற்சி, பெரும்பாலும் உட்காதையோ அதோடு பேசும் மூளைப் பகுதியையோ சேர்ந்தது. எழுந்து நின்றவுடன் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறதா? இரத்த அழுத்தம், இரத்தசோகை, இதயம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தலை தெளிவாக இருக்கிறது, ஆனால் கால் தரையில் பாவவில்லையா? கால் நரம்புகள், வைட்டமின் பி12, சிறுமூளை ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். தொட்டிலில் படுத்திருப்பதுபோல் உள்ளே ஏதோ ஆடிக்கொண்டே இருக்கிறதா? அதையும் அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் இந்த வேறுபாடுகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒரே ஆள் காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் சொல்வது இயல்பு. நானும் அப்படித்தான் சொன்னேன். எப்படி இருந்தது என்பதைவிட இரண்டு கேள்விகள் கூடுதலாக வழிகாட்டும்: *எவ்வளவு நேரம் நீடித்தது? எதைச் செய்தபோது வந்தது?*

படுக்கையில் புரளும்போதோ பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுழற்சி, உட்காதில் இடம்மாறிய நுண்படிகங்களால் வருவதாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் காதுக்குள் சமநிலையை உணர்த்தும் கால்சியம் கார்பனேட் படிகங்கள் இருக்கின்றன; அவை தம் இடத்தைவிட்டு நழுவி அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள் விழுந்துவிட்டால் தலை அசையும்போதெல்லாம் மூளைக்குப் பொய்ச்செய்தி போகும். காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் ஏறி இறங்குதல் ஆகியவற்றோடு இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடித்தால் மெனியர் நோயை நினைப்பார்கள். புரோஸ்பர் மெனியர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல், இது மூளையின் கோளாறு அல்ல, காதிலிருந்து வருவது என்று சொன்னார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சளி காய்ச்சலை ஒட்டித் திடீரென்று தொடங்கி இரண்டு மூன்று நாள் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம்; ஆனால் விடாத சுற்றல் என்பதால் அதை முதல் நாளே மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை எப்படி வேண்டுமானாலும் நீண்டு, வெளிச்சமும் சத்தமும் சகிக்காமல் போனால் ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைச்சுற்றலைத் தேட வேண்டும். இதில் தலைவலி கூடவே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு இருந்தது இதுதான்; தலைவலி இல்லாமலும் இது வரும் என்று தெரியாததுதான் என்னைப் பதினான்கு மாதம் அலையவைத்தது.

இதைப் படித்து நீங்களே பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். எந்தத் தகவலைக் கவனித்துக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிவதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். செல்பேசியிலும் எழுதலாம், ஆனால் சுற்றும்போது திரையைப் பார்ப்பது வாந்தியைக் கொண்டுவரும். என்னுடையது பிள்ளைகளுக்கு வாங்கிய கோடு போட்ட நோட்டு.

என் நோட்டின் முதல் மூன்று வாரங்கள் வீண். 'இன்றும் தலைச்சுற்றல். மிகவும் சிரமம்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்து எந்த மருத்துவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு எழுதியது இப்படி இருந்தது:

'செவ்வாய். பகல் 11.20. நின்று பாடம் நடத்தும்போது தானாக வந்தது. வகுப்பு இடப்பக்கம் நகர்ந்தது. சுழற்சி பத்து நிமிடம், பிறகு ஆட்டம் பிற்பகல் 2.30 வரை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, பிள்ளைகளின் சத்தம் தாங்கவில்லை. காதில் ஒன்றும் இல்லை. வாந்தி இல்லை, குமட்டல் உண்டு. நேற்று இரவு ஒரு மணி வரை விடைத்தாள் திருத்தினேன். காலையில் கிருத்திகை, சாப்பிடவில்லை. மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பு.'

இவ்வளவுதான். நாள், நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம், காது, கண், தலை, முந்தைய இரவின் தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு, அன்று போட்ட மாத்திரை. தலைச்சுற்றல் வராத நாட்களிலும் ஒரு வரி எழுதுங்கள். 'இன்று இல்லை' என்பதும் தகவல்தான். கால அளவை ஊகித்து எழுதாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு நிமிடம் அரைமணி நேரமாகத் தோன்றும். ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

நோட்டைவிடவும் மதிப்புள்ள ஒன்று உண்டு. சுற்றல் வந்துகொண்டிருக்கும்போதே உங்கள் கண்களை யாராவது செல்பேசியில் வீடியோ எடுக்க வேண்டும். காதின் சமநிலை உறுப்பு குழம்பும்போது கருவிழி தன்னிச்சையாகத் துடிக்கும். அது துடிக்கும் திசையும் விதமும் மருத்துவருக்கு ஒரு மொழி. நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் நாளில் அந்தத் துடிப்பு இருக்காது. நல்ல வெளிச்சத்தில், முகத்துக்கு அருகில் வைத்து, நேராகப் பார்க்கச் சொல்லிப் பத்து விநாடி, இடப்பக்கம் பார்க்கச் சொல்லிப் பத்து, வலப்பக்கம் பத்து. இதை வீட்டில் இருவருக்காவது முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என் மகள் எடுத்த அரை நிமிட வீடியோவை ஐந்தாவது மருத்துவர் மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

சுற்றத் தொடங்கியவுடன்

உட்காருங்கள். உட்கார இடமில்லையென்றால் தரையிலேயே உட்காருங்கள். பஸ் நிலையமாக இருந்தாலும் சரி, கோயிலாக இருந்தாலும் சரி. வெட்கப்பட்டு இன்னும் நான்கு அடி எடுத்துவைத்ததில்தான் எனக்கு நெற்றியில் தையல் விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொள்ளத் தோன்றும். முடிந்தால் திறந்து, அசையாத ஒரு பொருளில் பார்வையை நிறுத்துங்கள். கதவின் தாழ்ப்பாள், சுவரில் ஓர் ஆணி. காதிலிருந்து வரும் சுழற்சி பார்வை ஓரிடத்தில் ஊன்றும்போது சற்றுத் தணியும். மின்விசிறியைப் பார்க்காதீர்கள்.

வாந்தி வரும்போலிருந்தால் ஒருக்களித்துப் படுங்கள், மல்லாந்து வேண்டாம். அடங்கிய பிறகு உப்புச்சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் குடியுங்கள். இஞ்சிச்சாறு குமட்டலுக்குச் சிலருக்கு இதமாக இருக்கிறது, எனக்கும் இருந்தது.

வீட்டில் மாற்ற வேண்டியவை

இந்த நோயில் சுற்றலைவிட விழுவதுதான் ஆபத்து. அதிகம் விழும் இடம் குளியலறை. தலையில் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடிச் சீயக்காய் தேய்க்கும் அந்த நிமிடத்தில், உடம்பைத் தாங்கிப்பிடிக்கும் மூன்று துணைகளில் ஒன்றான பார்வை போய்விடுகிறது. காது ஏற்கெனவே பொய் சொல்கிறது; மிச்சம் பாதங்கள் மட்டுமே, அவையும் ஈரத்தரையில். ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்து குளியுங்கள். கதவைச் சாத்துங்கள், தாழ்ப்பாள் போடாதீர்கள். தரையோடு உள்ள கழிப்பறை என்றால் எழும்போது பிடிக்கச் சுவரில் ஒரு கம்பி வேண்டும். வாடகை வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள். இரண்டு துளை, ஒரு கம்பி, அவ்வளவுதான். இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

சமையலறையில் அன்றாடம் எடுக்கும் டப்பாக்களை மேல் அலமாரியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். கொதிக்கும் எண்ணெய் வேலையை, வேறொருவர் வீட்டில் இருக்கும்போது மட்டும். மொட்டை மாடிக் கொடியில் அண்ணாந்து துணி போடுவது, ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடிப்பது, கிணற்றடி ஆகியவற்றைப் பெயர் தெரியும்வரை பிறரிடம் விட்டுவிடுங்கள். குனிந்து கோலம் போடுவதை நிறுத்தியதும் எனக்கு வாசலே அந்நியமாகிவிட்டது. பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சின்னதாகப் போட்டுக்கொண்டேன்.

வண்டி ஓட்டக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் சுற்றல் வரும் ஒருவர் ஸ்கூட்டரில் ஏறுவது அவருக்கு மட்டும் ஆபத்து அல்ல. பின்இருக்கையில் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்காருவதும் வேண்டாம். பஸ்ஸில் முன்பக்கமாக, போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, தொலைவில் உள்ள சாலையைப் பாருங்கள். குளம், ஆறு, கடல் எதிலும் தனியாக இறங்க வேண்டாம்.

சிலருக்குக் கண் வழியாகவே சுற்றல் வரும். துணிக்கடையின் அடுக்குகள், சூப்பர் மார்க்கெட்டின் இருபக்க அலமாரிகள், கோயில் பிரகாரத்தில் நடக்கும்போது வரிசையாகப் பின்வாங்கும் தூண்கள், செல்பேசியில் வேகமாக ஓடும் படங்கள். இது பயத்தால் வரும் கற்பனை அல்ல. காதை நம்ப முடியாத மூளை கண்ணை அளவுக்கு மீறிச் சார்ந்துகொள்வதன் விளைவு. நோட்டில் எழுதுங்கள், இதற்கே தனிப் பயிற்சி உண்டு.

யாரிடம் போவது, என்ன கேட்பது

முதலில் உங்களைத் தெரிந்த பொது மருத்துவர். அங்கே கேட்க வேண்டியது விலை உயர்ந்த சோதனை அல்ல. ஐந்து நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் அங்கேயே கிடைக்கலாம். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இரத்த அழுத்தம், புராஸ்டேட், தூக்கம், வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளே சிலருக்குத் தள்ளாட்டத்தைத் தருகின்றன. ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12, தைராய்டு ஆகியவற்றை மருத்துவர் சொன்னால் பாருங்கள்.

அடுத்து காது மூக்கு தொண்டை மருத்துவர். அவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி: 'ஐயா, தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் சோதனை எனக்குத் தேவைப்படுமா?' டிக்ஸ்-ஹால்பைக் என்ற அந்தச் சோதனையை 1952இல் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் வெளியிட்டார்கள். அதற்கு ஒரு கட்டில் போதும், ஐந்து நிமிடம் போதும். படிகக் கோளாறு என்றால் அதிலேயே தெரிந்துவிடும். அங்கேயே தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படிகத்தை வெளியேற்றிவிடுவார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை அது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஒரே அமர்வில் எழுந்து நடந்திருக்கிறார்கள். கழுத்திலோ விழித்திரையிலோ கோளாறு உண்டென்றால் சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வீடியோ பார்த்து வீட்டில் நீங்களே தொடங்க வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் திருப்பினால் பயனில்லை; படிகம் வேறு குழாய்க்குள் போய்விடவும் கூடும். மருத்துவர் ஒருமுறை கற்றுக்கொடுத்த பிறகு வீட்டில் செய்வது வேறு விஷயம்.

கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எளிய சோதனை. சுற்றல் வந்த மறுநாளே எடுத்தால் கூடுதலாகப் பேசும். கண்ணாடி போன்ற கருவியை மாட்டிக் கண் அசைவைப் பதிவுசெய்யும் சோதனைக்கு அனுப்பினால், அதற்கு முன் எந்த மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காது சரியாக இருந்தால் நரம்பியல் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த இரண்டு பிரிவுகளும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி; ஒருவர் மற்றவருக்கு எழுதிக்கொடுக்க முடியும். எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். முதல் பக்கத்தில் நோட்டின் சாரத்தைப் பத்து வரியில் எழுதுங்கள். மருத்துவருக்கு இருக்கும் ஐந்து நிமிடத்தில் அவர் படிக்கப்போவது அந்தப் பத்து வரியைத்தான்.

எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. காதின் படிகம் நழுவியதும் ஒற்றைத் தலைவலியின் கோளாறும் அந்தப் படத்தில் தெரியாது.

கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொன்னால்

இதைத் தனியாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாற்பதைத் தாண்டிய பலருடைய கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும், தலைச்சுற்றல் இல்லாதவர்களுக்கும் தெரியும். படத்தில் ஒன்று தெரிகிறது, நோயாளிக்குத் தலை சுற்றுகிறது, ஆகவே இது அதனால்தான் என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அப்படித்தான் பட்டை மாட்டினார்கள். தலையை அசைத்தால்தான் மூளை புதிய சமநிலையைக் கற்கும். பட்டை அந்த அசைவையே பறித்துவிட்டது. நான்கு மாதம் கழித்து நான் முன்னிலும் மோசமாகத் தள்ளாடினேன். கழுத்துதான் காரணம் என்று யாராவது சொன்னால், 'காதுச் சோதனைகள் முடிந்த பிறகு பட்டை போட்டுக்கொள்ளலாமா?' என்று கேளுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி

சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை சுற்றலை அடக்குபவை. வாந்தியும் சுழற்சியுமாகக் கிடக்கும் நாட்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் அவை சில நாட்களுக்கானவை. நீண்டகாலம் சாப்பிட்டால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலை தாமதப்படும்; முதியவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரக்கூடும், அதைப் பார்க்கின்சன் நோய் என்று வேறு சிகிச்சைக்குக் கொண்டுபோவதும் நடக்கிறது. மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகள் நம் எல்லார் தெருவிலும் இருக்கிறார்கள். சீட்டு எழுதும்போதே 'எத்தனை நாள்?' என்று கேட்டு அதை நோட்டில் எழுதுங்கள்.

படுத்தே இருக்காதீர்கள்

கடும் சுழற்சி அடங்கிய மறுநாள் எழுந்துவிடுங்கள். வீட்டுக்குள் சுவரை ஒட்டி, பிறகு வாசல்வரை, பிறகு ஒருவர் துணையோடு தெருமுனைவரை. 1940-களில் பிரிட்டனில் காதோன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் தலையில் அடிபட்டுச் சுற்றலோடு கிடந்தவர்களுக்குக் கண், தலை, உடல் அசைவுப் பயிற்சிகளை வகுத்தார்கள். இன்றைய சமநிலைப் பயிற்சிகளின் வேர் அது. மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ உங்களுக்குப் பொருத்தமானதைச் சொல்வார். எனக்குத் தந்த முதல் பயிற்சி: சுவரில் ஒட்டிய 'அ' என்ற எழுத்திலிருந்து பார்வையை எடுக்காமல், உட்கார்ந்தபடி தலையை மட்டும் இடமும் வலமுமாக அசைப்பது, அரை நிமிடம். முதல் நாள் பத்து விநாடியில் குமட்டியது. இரண்டு வாரத்தில் ஒரு நிமிடம் முடிந்தது. பயிற்சியின்போது லேசாகச் சுற்றுவது இயல்பு, கால்மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள்.

தொடக்கத்தில் பயந்து மாதக்கணக்கில் அசையாமலே இருந்துவிட்டால், சுற்றலுக்குக் காரணமான நோய் சரியான பிறகும் தள்ளாட்டம் தங்கிவிடுவது உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடிக்கும் அப்படிப்பட்ட நிலைக்கு 2017இல் தனிப்பெயரும் வரையறையும் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டாரிடம்

காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், எலும்பு முறிந்தால் கட்டு தெரியும். தலைச்சுற்றல் வெளியே தெரியாது. 'எல்லா டெஸ்ட்டும் நார்மல், இன்னும் என்ன?' என்று என் வீட்டிலும் ஒருவர் கேட்டார்; கேட்டவர் என்மேல் அன்பு உள்ளவர். அவரிடம் வாதாடாமல் நோட்டைக் கொடுத்தேன். மூன்று பக்கம் படித்த பிறகு, மறுநாளிலிருந்து காலை இட்லியை அவரே ஊற்றினார்.

'இது மனப்பிரச்சினை' என்று யாராவது சொன்னால் கோபம் வரும். ஆனால் பதற்றம் தலைச்சுற்றலைக் கூட்டுவது உண்மை. எப்போது விழுவோமோ என்று நாளெல்லாம் பயந்திருப்பவருக்குப் பதற்றம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மனநல மருத்துவரின் உதவியை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். அதைக் காதுச் சோதனைக்குப் பதிலாக ஏற்காமல், அதோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேலை இடத்தில் தலைமையிடம் எழுத்தில் சொல்லிவையுங்கள். எனக்கு மாடி வகுப்பிலிருந்து தரைத்தள வகுப்பு கிடைத்தது. கரும்பலகையின் பக்கத்தில் ஒரு நாற்காலியும் கிடைத்தது. கேட்டபிறகுதான் கிடைத்தது.

பெயர் கிடைத்த அன்று

ஐந்தாவது மருத்துவர் என் நோட்டை மேசையில் விரித்து, பேனாவால் சில நாட்களை வட்டமிட்டார். மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், விரத நாட்கள், விடைத்தாள் இரவுகள். பிறகு கேட்டார்: 'உங்கள் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா அம்மா?' உண்டு. மாதத்தில் இரண்டு நாள் இருட்டறையில் நெற்றியில் துணி கட்டிப் படுத்திருப்பார். எனக்கும் கல்லூரி நாட்களில் வந்திருக்கிறது. அதை அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே குடும்ப வரலாற்றையும் உங்கள் பத்து வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லப்படும்போது ஏற்படும் நிம்மதியில் கேட்க வேண்டியதை மறந்துவிடுவோம். நான்கு கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு போங்கள்: இது திரும்ப வருமா, வந்தால் வீட்டில் என்ன செய்வது, இந்த மருந்து எத்தனை வாரத்தில் வேலைசெய்ய வேண்டும், அதற்குள் பயன் இல்லையென்றால் அடுத்து என்ன. மெனியர் என்றால் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைப் பற்றிக் கேளுங்கள். ஒற்றைத் தலைவலி என்றால் விரதத்தைப் பற்றி. நான் இப்போது கிருத்திகைக்குப் பாலும் பழமும் நேரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். படிகக் கோளாறு என்றால் சரியான பிறகும் சில நாள் லேசான ஆட்டம் இருக்கும். மாதங்கள் கழித்துத் திரும்பவும் வரலாம், மறுபடி திருப்பினால் மறுபடி சரியாகும்.

முதலில் கிடைத்த பெயர் தவறாகவும் இருக்கலாம், ஒருவருக்கே இரண்டு காரணங்களும் இருக்கலாம். எனவே எழுதுவதை நிறுத்தாதீர்கள். என்னிடம் இப்போது நான்காவது நோட்டு இருக்கிறது. அதில் 'இன்று இல்லை' என்ற வரிகளே அதிகம்; சுற்றல் வந்ததாகக் கடைசியாக எழுதியது ஏழு வாரங்களுக்கு முன்பு, ஒரு கல்யாண வீட்டில் இரவு முழுதும் விழித்திருந்த மறுநாள்.